மடங்காத விரல்

ஜூன் 3, செவ்வாய்

பொது அறுவை சிகிச்சையில் மூன்று வருடம் படித்தபோது, "தமயந்திக்குக் கை வேகம்" என்று பெயர் வாங்கியவள் நான். குடல், பித்தப்பை, குடலிறக்கம் எல்லாவற்றையும் பயமில்லாமல் கையாண்டவள். கையறுவை சிகிச்சை மேற்படிப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் காற்றில் போயிற்று. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஊசி கடப்பாரை அளவுக்குத் தெரிகிறது. நூல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. என் விரல்கள் இப்படி நடுங்கும் என்று எனக்கே இதுவரை தெரியாது.

பயிற்சிக்குக் கோழித்தொடைதான். அதில் ஓடும் ரத்தக்குழாய் மனித விரலில் இருப்பதைப் போலவே மெல்லியது. அதை வெட்டி, மறுபடி தைத்து, தண்ணீர் செலுத்தி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்றும் ஒழுகியது.

"நூல முறுக்காதீங்கக்கா. செத்த கோழிக்கே வலிக்குது" என்றான் வின்சென்ட். என்னைவிட ஒரு வயது சின்னவன், படிப்பில் இரண்டு வருடம் மூத்தவன். எந்தக் கோபத்தை அவனிடம் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

ஜூன் 4, புதன்

கௌசல்யா மேடம்தான் எங்கள் பிரிவின் தலைவர். அவருடைய புதன்கிழமை ஓ.பி.யை இன்றுதான் முதல்முறை பார்த்தேன். இது ஓ.பி.யா, சந்தையா? கையில் ஆபரேஷன் ஆன நோயாளிகள் அவரவர் தொழிலுக்கான சாமானோடு வர வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. எக்ஸ்ரேயைக் கடைசியில்தான் பார்க்கிறார். ஒரு டெய்லர் கத்தரிக்கோலோடு வந்து மேசை விரிப்பை வெட்டிக் காட்டினார். ஆட்டோக்காரர் ஒருவர் ஆட்டோவையே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். மேடம் அதில் ஏறி ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, "வண்டி இடது பக்கம் இழுக்குது. பிசியோவுக்கு ஒரு மாசம் வாங்க" என்றார்.

புத்தகத்தில் மூட்டு மடங்குவதற்குக் கோணக்கணக்கு இருக்கிறது. அதை அளக்கத்தானே புதிதாக ஒரு அளவுகோல் வாங்கினேன்? ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் கேசுவால்ட்டியிலிருந்து அழைப்பு. சிங்காநல்லூரில் இளநீர்க்கடை வைத்திருக்கும் சென்னியப்பன், நாற்பது வயதுக்காரர். இளநீர் சீவும்போது அரிவாள் வழுக்கி, இடது கை ஆட்காட்டி விரல் அடியோடு துண்டாகிவிட்டது. விரல் தனியாக வந்தது. மனைவி பூங்கொடி அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் முடிந்து, ஐஸ் போட்ட தூக்குச்சட்டிக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். கவரைப் பிரித்துப் பார்த்தேன். அத்தனை சுத்தமான வெட்டு. நசுங்கல் இல்லை, கிழிசல் இல்லை. இப்படி ஒன்று கிடைக்க நாங்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். இதை எழுதும்போது என்னவோபோல் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மேடத்தின் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கட்டைவிரல் போனால் ஒட்டியே ஆக வேண்டும். பல விரல்கள் ஒன்றாகப் போனாலும் அப்படியே. ஆனால் பெரியவர்களுக்கு ஆட்காட்டி விரல் மட்டும் அடியோடு போனால், நோயாளியே பிடிவாதமாகக் கேட்டாலொழிய ஒட்டுவதில்லை. புண்ணை மூடித் தைத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது புரியவே இல்லை. ஐஸில் நன்றாக இருக்கும் விரலை எதற்குக் குப்பையில் போட வேண்டும்?

மேடம் ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான் ஸ்ட்ரெச்சர் பக்கம் போய் சென்னியப்பனிடம் பேசிவிட்டு, மேடத்துக்குப் போன் செய்தேன். நாதஸ்வரத்துக்கு நடுவே, "அவரே ஒட்டச் சொல்லிக் கேக்கறாரா?" என்று கத்தினார். பதில் சொன்னேன். தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

எலும்பையும் தசைநாரையும் வின்சென்ட் பார்த்துக்கொண்டான். ரத்தக்குழாய்களை முழுக்க நான் தைத்தேன். முடியைவிட மெல்லிய நூல். கடைசியில், ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளிப்பை எடுத்ததும், மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்த விரலின் நுனியில் மெல்ல ஒரு சிவப்பு ஏறியது. நகத்தை அழுத்தினேன், வெளுத்தது. விட்டேன், சிவந்தது. மறுபடி மறுபடி அதையே செய்துகொண்டிருந்தேன். வின்சென்ட் வந்து என் கையை விலக்கினான். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஜூன் 11, புதன்

விரல் சிவப்பாகவே இருக்கிறது.

ஜூன் 14, சனி

விரல் குளிரக் கூடாதென்று சென்னியப்பன் கட்டிலுக்கு மேல் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறோம். காபி, பீடி இரண்டுக்கும் தடை. ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். "பீடிய உட்டாலும் உடலாம், காப்பித்தண்ணி இல்லாம எப்படி புள்ள?" என்று பூங்கொடியிடம் புலம்புகிறார். என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார்.

மேடம் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்க" என்றார். படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஆட்காட்டி விரலை ஒட்டாதே என்று சொன்னவரும் இவர்தான், ஒட்டியதைப் புகழ்கிறவரும் இவர்தான். எதை நம்புவது?

கேன்டீனில் வின்சென்ட்டிடம் கேட்டேன். "விரல் பிழைக்கறது வேற, வேலை செய்யறது வேறக்கா. மத்த விரலெல்லாம் நல்லா இருந்தா மூளை ஆட்காட்டி விரல ஒதுக்கிட்டு நடுவிரலுக்குத் தாவிடும். நீங்க ஒட்டுன விரல் சும்மா ஓரமா நிக்கும்" என்றான். பொறாமை. எத்தனையோ பேர் ஒட்டிய விரலோடு வேலை செய்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

சென்னியப்பன் வீட்டுக்குப் போனார். நவம்பரில் கொச்சியில் நடக்கும் மாநாட்டில் இந்த கேஸை நானே பேச வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். முதலாமாண்டு மாணவிக்கு இது பெரிய விஷயம். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அந்த மனுசன் எப்படி இருக்காரு?" என்று கேட்டார். விரல் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 23, புதன்

எலும்பில் செருகியிருந்த கம்பிகளை எடுத்தோம். எலும்பு கூடியிருக்கிறது. விரல் மடங்கவில்லை. தொட்டால் தெரியவும் இல்லை. இந்தக் கட்டத்தில் இது சகஜம். நரம்பு மெதுவாகத்தான் வளரும். பிசியோவில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் சரியாகச் செய்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

விடுதியில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. நோயாளிகளுக்கு "கையைச் சுத்தமா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்து, துவைக்காத துணியை மோந்து பார்த்துப் போட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மேசையில் காசு, பட்டன், சாவி எல்லாம் போட்டு சென்னியப்பனை இடது கையால் எடுக்கச் சொன்னேன். கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து டக் டக்கென்று எடுத்துவிட்டன. ஆட்காட்டி விரல் நேராக நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தது.

"அந்த விரலால எடுங்க" என்றேன்.

மரியாதைக்காக அதால் ஒரு பட்டனைத் தள்ளினார். பட்டன் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி நடுவிரலால் எடுத்தார்.

"வீட்டுல எப்படி இருக்கு?"

"பரவால்லீங்க டாக்டரம்மா" என்றார். பூங்கொடிக்குப் பொறுக்கவில்லை. "என்ன பரவால்ல? பஸ்ஸுல கம்பியப் புடிச்சா முன்னால நிக்கறவன் முதுகுல குத்துதுங்க. நேத்து ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான். டீ கிளாஸ் சுட்டு கொப்புளம் வந்திருக்கு, இவருக்குத் தெரியவே இல்ல. காத்தால எந்திரிச்சா ஐஸ் மாதிரி கெடக்குதுங்க. உசுரு இருக்குது, ஆனா இவரோடது மாதிரி இல்லீங்க."

பயிற்சி போதவில்லை. பிசியோவுக்கு இன்னும் நாள் கூட்டி எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

மேடத்தின் உத்தரவுப்படி சென்னியப்பன் இன்று இளநீர்க் குலையோடும் அரிவாளோடும் வந்தார். வாசலில் செக்யூரிட்டி அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். கொலைக்கேஸ் இல்லை, ஓ.பி. கேஸ் என்று நான் போய் மீட்டு வர வேண்டியிருந்தது.

அறையில் இருந்த எல்லாரும் சுற்றி நின்றோம். சென்னியப்பன் இடது உள்ளங்கையில் இளநீரை வைத்தார். மற்ற மூன்று விரல்களும் கட்டைவிரலும் காயை அணைத்துப் பிடித்தன. என் விரல் மட்டும் காயின் பக்கவாட்டில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. அரிவாள் இறங்குகிற இடம் அதுதான். அவர் அரிவாளை ஓங்கினார். கை பழக்கத்தில் இறங்கியது. மேடம், "நிறுத்துங்க!" என்று கத்தினார். அவரும் நிறுத்திவிட்டார். பிறகு காயைத் திருப்பி, உடம்பைக் கோணி, கழுத்தைச் சாய்த்து, ஒருவழியாக வெட்டினார். பாதி இளநீர் தரையில். காய் அவர் கையிலிருந்து நழுவி உருண்டது.

"இப்படித்தாங்க இருக்குது. ஒரு நாளைக்கு அத மறுக்கா வெட்டிக்குவேன். வெட்டிக்கிட்டாலும் தெரியாது. எடுத்துருங்களே" என்றார். முடிவெட்டச் சொல்வது போல, சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் சொன்னேன், "விரல் உயிரோட இருக்குங்க."

"ஆமாங்க" என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

தசைநாரைச் சுற்றி ஒட்டியிருப்பதை இன்னொரு ஆபரேஷனில் விடுவித்தால் கொஞ்சம் மடங்கலாம். அதற்கு இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். உணர்ச்சியும் கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். உயிருள்ள ஒரு விரலை வெட்டி எறிவது என் படிப்புக்கே விரோதம். மாநாட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாநாடு நவம்பரில்தான்.

மேடத்திடம் கேட்டேன். "உன் கேஸ். நீயே யோசி" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி, "அவரே ஒட்டச் சொல்லிக் கேட்டாருன்னுதானே அன்னைக்கு சொன்ன?" என்றார்.

"ஆமா மேடம்."

"அப்ப இப்ப எதுக்கு மனசு மாறினாரு?"

தெரியவில்லை என்றேன். மேடம் என்னைப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார் என்றும் தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பூங்கொடி மட்டும் வந்தார். சென்னியப்பன் கடையில் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுகிறாராம். வெட்டுவது பூங்கொடி. அவர் மூன்று வெட்டில் திறப்பதை இந்த அம்மா பத்து வெட்டில் திறக்கிறார். காத்திருக்கிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். சென்னியப்பன் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாராம்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்தா…" என்று ஆரம்பித்தேன்.

"எத்தன நாளைக்குங்க? நீங்க சொன்ன பயிற்சி ஒண்ணு உடாம பண்றாரு. அழுதுட்டே பண்றாருங்க. டாக்டரம்மா, அன்னைக்கு ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு அவரு உங்ககிட்ட மொதல்ல என்ன சொன்னாருன்னு உங்களுக்கு நெனப்பு இருக்குதுங்களா?"

வலியில் இருக்கிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? நான் பதில் சொல்வதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்டது நான்தான்.

அக்டோபர் 8, புதன்

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று எழுதிவிட்டேன். விரலை மட்டும் எடுத்தால் அடியில் ஒரு முட்டு நிற்கும், இடைவெளியும் விழும். அதனால் உள்ளங்கை எலும்போடு சேர்த்து எடுக்கிறோம். நடுவிரல் அந்த இடத்துக்கு வந்துவிடும். பார்க்கிறவர்கள் எண்ணிப் பார்த்தால்தான் நாலு என்று தெரியும். சென்னியப்பனிடம் சொன்னபோது, "தீவாளிக்கு முன்னாலயே ஆயிருமுங்களா?" என்று கேட்டார். முகம் மலர்ந்திருந்தது. ஒரு விரலை இழக்கப் போகிறவர் இவ்வளவு சந்தோஷப்படுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

அக்டோபர் 14, செவ்வாய்

கையை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தோம். நடுவில் ஒரு துணித்திரை. அதற்கு அந்தப் பக்கம் அவர் முழித்துக்கொண்டு படுத்திருந்தார். இந்தப் பக்கம் நானும் வின்சென்ட்டும்.

தோலைத் திறந்ததும் முதலில் தேடியது என் தையலைத்தான். கிடைத்தது. ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடைப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நான் தைத்த இடம் எது என்று எனக்கே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வின்சென்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"செமயா இருக்குக்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டுங்க" என்றான்.

நூலைப் போட்டுக் கட்டினேன். துடிப்பு நின்றது. விரல் வெளுத்தது. அந்தப் பழைய வெளுப்பு.

திரைக்கு அப்பால், "முடிஞ்சுதுங்களா அம்மிணி?" என்று குரல் வந்தது. இதுவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க."

"பூங்கொடி உங்ககிட்ட சத்தம் போட்டாளாமே. மனசுல வெச்சுக்காதீங்க. நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன்னு அவளுக்குத் தெரியாது. அன்னைக்கு நான் வேண்டாமுங்க, தச்சு உட்ருங்க, சாயந்தரம் கடையப் பாக்கோணும்னு சொன்னேன். நீங்க மறுக்கா மறுக்கா கேட்டீங்க. உங்க மூஞ்சியப் பாத்தேன். எங்கக்கா பொண்ணு பரிச்சைக்குப் போறப்ப இப்படித்தான் நிப்பா. செரி, படிக்கிற புள்ள, போன வெரலு போனதுதான, அத வெச்சு ஒண்ணு பழகிக்கட்டும்னுதான் தலையாட்டுனேன்." பிறகு கேட்டார், "பழகிக்கிட்டீங்கல்ல?"

வின்சென்ட்டின் கை அப்படியே நின்றது. மாஸ்க்குக்கு மேல் அவன் கண்கள் என்னையே பார்த்தன. அவரே கேட்டார் என்று நான் போனில் சொன்னபோது அவன் பக்கத்தில்தான் இருந்தான்.

"பழகிக்கிட்டேங்க" என்றேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையுறை போட்ட கையால் முகத்தைத் தொடக் கூடாது. மூக்கு மாஸ்க்குக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. தையலுக்கு நூல் கேட்டேன். இத்தனை நாள் அவருக்கு நான் ஒரு விரலைக் கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் யாருக்குக் கொடுத்தது என்றே இப்போது குழப்பமாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

வின்சென்ட் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு. கொச்சி

என் பேச்சு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். விரல் ஒட்டிய படங்கள், சிவந்த நுனி, தைத்த ரத்தக்குழாய், பிறகு விரலை எடுத்தபோதும் அதில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த படம், கடைசியில் நாலு விரல் கை. எல்லாவற்றையும் காட்டினேன். தலைமை தாங்கிய பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். தனி ஆட்காட்டி விரலை ஒட்டுவதில்லை என்பது உங்கள் பிரிவின் வழக்கம்தானே, இந்த நோயாளி விஷயத்தில் ஏன் மாற்றினீர்கள், அவரே வற்புறுத்தினாரா என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ரயிலில் வரும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். மேடம் இரண்டாவது வரிசையில் இருந்தார்.

"ஆமாம் சார்" என்றேன்.

ரத்தக்குழாய்த் தையலைப் பாராட்டினார். கைதட்டினார்கள். இளையவர்களுக்கான பரிசை எனக்குக் கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், வின்சென்ட் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இப்போது அறையில் உட்கார்ந்து, அந்த "ஆமாம்" எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். நான் யாரையும் ஏமாற்றுகிறவள் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நவம்பர் 26, புதன்

சென்னியப்பன் குலையோடு வந்தார். இந்த முறை செக்யூரிட்டியே அரிவாளைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

நாலு விரல் கையில் காய் அசையாமல் உட்கார்ந்தது. மூன்று வெட்டு. ஒரு சொட்டு சிந்தவில்லை. மேடம் சிரித்து, "நாளைலேர்ந்து கடைக்குப் போங்க" என்றார். பூங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் இன்னொரு காயைச் சீவி, ஸ்ட்ரா போட்டு என்னிடம் நீட்டினார். அறையில் மேடம் இருந்தார், வின்சென்ட் இருந்தான்.

"கொச்சியில ஏதோ கூட்டமுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நம்ம வெரலக் காட்டுனீங்களாமே. பாத்துட்டு என்ன சொன்னாங்க அம்மிணி?"

"கைதட்டினாங்க" என்றேன்.

"நெசமாவா?" அவர் பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பெருமை அந்த முகத்தில். "கேட்டுக்கிட்டயா புள்ள? நம்ம வெரலுக்குக் கைதட்டுனாங்களாமா. அப்ப வீண் போவல."

சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு வரை வந்தது. எல்லாரும் இருந்தார்கள். அவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டே, "குடிங்க, குடிங்க, சூடாயிரும்" என்றார்.

வாங்கிக் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதும் குடித்தேன்.